எடைக்குப் போடச் சொல்பவர்களுக்கு

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் வழியில் ஒரு பங்க். லாரிகளுக்கு நடுவே டீசல் வரிசையில் என் வண்டியை நிறுத்தினேன். "அண்ணா, பைக்குக்கு அந்தப் பக்கமுங்க" என்றான் பையன். "இதுக்கு இந்தப் பக்கந்தான் தம்பி" என்றேன். அவன் நம்பவில்லை. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகுதான் குழாயைக் கையில் எடுத்தான். பின்னால் நின்ற லாரியிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். வயதில் மூத்தவர். வண்டியை ஒரு சுற்று சுற்றி, கிக்கரை உதைக்க என்ஜினின் இறுக்கத்தைத் தளர்த்தும் டி-கம்ப்ரஷன் லீவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டாரஸுங்களா? எங்க மாமன் ஒண்ணு வெச்சிருந்தாரு. ஏனுங்க இதோட மல்லுக்கட்டறீங்க? எரநூறு கிலோ வரும். கிலோ முப்பதுன்னாலும் ஆறாயிரம். எடைக்குப் போட்டுப்போட்டு ஒரு ஸ்கூட்டரு வாங்கிக்குங்க."

அவர் அக்கறையில்தான் சொன்னார். அதே வார்த்தையை மைத்துனர் சொல்கிறார், பக்கத்து வீட்டு இன்ஜினியர் சொல்கிறார், பொறியியல் கல்லூரியில் படித்த அண்ணன் மகனும் சொல்கிறான். அவர்கள் சொல்வதையெல்லாம் சேர்த்தால் ஐந்து வாதம் தேறும். டீசல் மோட்டார் சைக்கிள் என்பதே தோற்றுப்போன வண்டி. அதைப் பழுது பார்ப்பது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை. அது புகை கக்குகிறது. அதில் கை வைப்பது சட்டப்படி குற்றம். கடைசியாக, காசுக்கும் நேரத்துக்கும் கட்டுப்படியாகாது. இந்த ஐந்தில் சிலவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் அவை ஒன்றுசேர்ந்து போய் நிற்கும் இடம், அதாவது 'எடைக்குப் போடு' என்ற தீர்ப்பு, தவறு. ஏன் தவறு என்று வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில், தோற்றுப்போன வண்டி என்பது. டாரஸ் என்பது திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையிலிருந்து 1990-களில் வெளிவந்த டீசல் புல்லட். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய அதே ஆலை. புல்லட்டின் சட்டம், புல்லட்டின் நான்கு கியர் பெட்டி, அவற்றுக்கு நடுவே இத்தாலியின் லொம்பார்தினி வழிவந்த கிரீவ்ஸ் கம்பெனியின் 325 சிசி டீசல் என்ஜின். ஆறரை குதிரைத்திறன். மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் முக்கினாலும் போகாது. அக்காலத்து பெட்ரோல் புல்லட் 350-க்குப் பதினெட்டுக் குதிரைத்திறன் என்பதை நினைத்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். புகை விதிகள் இறுகிய 2000-ஐ ஒட்டி அதன் உற்பத்தி நின்றது.

ஆனால் சிரிப்பவர்கள் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். கவலை இறைத்த எருதைப் பந்தய மைதானத்தில் ஓடவிட்டு, பின்தங்கிவிட்டது என்று கைகொட்டுவதைப் போன்றது இது. டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை இருபது பங்கில் ஒரு பங்கு அளவுக்கு நெருங்க இறுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. அந்த இறுக்கத்தைத் தாங்க ஹெட்டும் லைனரும் கிராங்கும் கனமாகத்தான் இருந்தாக வேண்டும். கனமானது வேகமாகச் சுழலாது. சுழலவும் விடாமல் கவர்னர் பிடித்துக்கொள்கிறது. ஆகவே வேகம் குறைவு, எடை அதிகம், அதிர்வு அதிகம். இவையெல்லாம் அந்த என்ஜின் செய்யும் வேலைக்கு நாம் கொடுக்கும் விலை. பதிலுக்கு அது தருவது, மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கும் இழுவையும், லிட்டருக்கு எழுபது கிலோமீட்டரையொட்டிய ஓட்டமும்.

1990-களில் பெட்ரோல் விலையில் பாதிக்கும் குறைவாக டீசல் விற்ற காலத்தில், காலையில் நாற்பது லிட்டர் பால் கேன் இரண்டைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய்வரவும், ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கு மூட்டையைக் காட்டிலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவரவும் வேகம் யாருக்கு வேண்டும்? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த உதறலில் நாமக்கல்காரன் எவனும் முட்டை அட்டையை அதில் ஏற்ற மாட்டான்.

டாரஸ் வருவதற்கு முன்பே, பழைய புல்லட்டின் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டுப் பம்புசெட் டீசல் என்ஜினை மாட்டி ஓட்டியவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். ஆலை அவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தேவை முதலில் தெரிந்தது பட்டறைக்கு. வெளியுலகிலும் இந்த எண்ணம் கிறுக்கர்களோடு நின்றுவிடவில்லை. ஜெர்மனியில் யோக்கென் சோமர் என்பவர் இதே புல்லட் சட்டத்தில் ஹாட்ஸ் கம்பெனியின் 462 சிசி டீசல் என்ஜினைப் பூட்டி, முறையாகப் பதிவுசெய்து விற்றார். அமெரிக்க மரைன் படை, கவாசாகி கேஎல்ஆர் 650 வண்டியை டீசலுக்கு மாற்றிய எம்1030எம்1 என்ற மோட்டார் சைக்கிளைப் பயன்படுத்தியது. டாங்கிக்கும் ஹெலிகாப்டருக்கும் ஊற்றும் எரிபொருளையே பைக்குக்கும் ஊற்றலாம் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊர்க் கணக்கும் அதுதான்: கிணற்றடி என்ஜினுக்கு வாங்கி வைத்த கேனிலிருந்தே வண்டிக்கும் ஊற்றலாம்.

இரண்டாவது வாதம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 'டீசல் வேலையெல்லாம் வீட்டில் செய்கிற வேலையா? தெரிந்தவனிடம் விடு.' இதைச் சொல்வது யார்? போர் போடும் ரிக் வண்டியை இந்தியா முழுக்க அனுப்பும் திருச்செங்கோட்டுக்காரர். லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல்காரர். வீட்டுக்கு ஒரு லாரி டிரைவரோ கிளீனரோ இருந்த சங்ககிரிக்காரர். இந்த வட்டாரத்தில் டீசல் வேலை எங்கே கற்கப்பட்டது? கல்லூரியிலா? 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் கிணற்றுப் பாசனத்துக்கு ஆயில் என்ஜினைப் பரப்ப முனைந்தார். அதன்பின் மின்சாரம் வந்து மோட்டார் வரும் வரைக்கும் தோட்டத்துக் கிணற்றடிதான் நம் மக்களின் தொழிற்பள்ளி. ஏர் பிடித்தால் ஸ்க்ரூவைத் தளர்த்திக் குமிழ் நிற்கும் வரை டீசலை வழியவிடுவது, புகையின் நிறம் பார்த்து நோயைச் சொல்வது, காதாலேயே டேப்பட் சத்தத்தைப் பிரித்தறிவது எல்லாம் அங்கே அப்பாரிடமிருந்து பேரனுக்குக் கைமாறிய வித்தை. என் அப்பாரு எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் என்ஜின் கரும்புகை விட்டால் 'மூச்சு முட்டுது', நீலப்புகை விட்டால் 'எண்ணெய் குடிக்குது', வெள்ளைப்புகை விட்டால் 'வேகாமத் துப்புது' என்பார். காற்று போதவில்லை, ரிங் தேய்ந்துவிட்டது, டீசல் முழுதாக எரியவில்லை என்று இன்றைய பாடப்புத்தகம் சொல்வதும் இதே மூன்றைத்தான்.

தெரிந்தவனிடம் விடு என்கிறார்களே, தெரிந்தவன் எங்கே இருக்கிறான்? கால் நூற்றாண்டுக்கு முன் உற்பத்தி நின்ற வண்டிக்கு எந்த ஷோரூம் சர்வீஸ் செய்யும்? டாரஸைத் தூக்கத்தில் பிரித்துப் பூட்டிய மெக்கானிக்குகள் பலர் ஓய்ந்துவிட்டார்கள். இன்றைய பையன்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் ஸ்கேனரை மாட்டினால் கோளாறு எண் சொல்லும் வண்டியில் பழகிய கைகள் அவை. இந்த வண்டியில் ஸ்கேனரை எங்கே மாட்டுவது?

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அப்பா இந்த வண்டியை வாங்கியது 1997-இல், நாமக்கல் தனி மாவட்டமான அதே ஆண்டில். அவருக்குப் பிறகு என் கைக்கு வந்த இரண்டாம் வருஷம் கரும்புகை கிளம்பியது. இழுவை இல்லை. ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். மூன்று நாள் கழித்து, 'பம்பு போச்சுங்க, மாத்தணும், பழசு ஒண்ணு இருக்குது' என்று ஒரு தொகை சொன்னார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஏர் கிளீனரைக் கழற்றினேன். உள்ளே கோழித்தீவன மாவு அடைபோல அப்பிக் கிடந்தது. பக்கத்துக் கோழிப்பண்ணைக்குத் தீவன லாரி வந்து கொட்டும் இடத்தில்தான் தினமும் வண்டியை நிறுத்துவேன். அதைக் கழுவிக் காயவைத்து மாட்டியதும் புகை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு நாசிலைக் கழற்றி, சேலத்தில் ஒரு பம்பு கடையில் டெஸ்ட் செய்து பிரஷர் வைத்து வாங்கி வந்தேன். பம்பு இன்றும் அதே பம்புதான். பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாது. எனக்குத் தெரியும். தன் வண்டியின் நோயில் பாதி, சொந்தக்காரனின் அன்றாடத்தில் இருக்கிறது. எவ்வளவு தெரிந்த மெக்கானிக்காக இருந்தாலும் அந்தப் பாதியை அவரால் பார்க்க முடியாது.

வீட்டு வாசலில் எல்லாம் செய்துவிடலாம் என்று மார்தட்டும் ஆட்களோடும் எனக்குச் சண்டை உண்டு. டீசல் நாசில் பீய்ச்சும் அழுத்தம், டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்கு. ஸ்ப்ரே எப்படி வருகிறது பார்ப்போம் என்று அதற்கு நேரே விரலை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகும். வலி இல்லையே என்று வீட்டில் உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. இன்னொன்று, என்ஜின் கட்டுமீறி ஓடுவது. ரிங் தேய்ந்தோ, ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியோ, என்ஜின் தன் ஆயிலையே குடித்து எரிக்கத் தொடங்கினால், டீசலை அடைத்தாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவியைத் திருப்பி நிறுத்த இது பெட்ரோல் வண்டி இல்லை. காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்தால்தான் அடங்கும். பிரித்துப் பூட்டிய என்ஜினை முதல் முறை உதைக்கும்போது பக்கத்தில் ஒரு பலகைத் துண்டு இல்லாமல் நான் உதைப்பதில்லை.

ஆகவே என் வாசலுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். ஃபில்டர், ஏர் கிளீனர், ஆயில், டேப்பட், கிளட்ச் பிளேட், செயின், பிரேக் லைனர், ஏர் எடுப்பது, அதிர்வில் கழன்ற போல்ட்டுகளை வாரம் ஒரு முறை இறுக்குவது ஆகியவை வீட்டு வேலை. பம்பு கலிபரேஷன், நாசில் பிரஷர், போரிங், கிராங்க் வேலை, வெல்டிங் ஆகியவை கடை வேலை. இந்த வரம்பைத் தெரிந்துகொள்ளவே முதலில் வண்டியைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். வீட்டில் கைவைப்பது மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுக்கிறது என்றும் சிலர் சொல்கிறார்கள். நேர்மாறு. பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன்தான் லேத்துக்கும் பம்பு கடைக்கும் வேலை கொண்டு போகிறான். எடைக்குப் போடுகிறவன் யாருக்கும் வேலை தருவதில்லை.

மூன்றாவது வாதம் புகை. இதைச் சொல்பவர்களை நான் மற்றவர்களைவிட மதிக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. 'அந்தக் காலத்து வண்டி, கொஞ்சம் புகை வரத்தான் செய்யும்' என்று சமாளிக்கும் டீசல் பிரியர்களின் பேச்சு அன்றோடு செல்லாமல் போயிற்று. இதில் எனக்கு மறுப்பு இல்லை.

என் மறுப்பு அடுத்த படியில். புகைக்கு மருந்து என்ன? வண்டியின் வயதா, வண்டியின் நிலையா? தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் டெல்லி வட்டாரத்தில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்றது. உச்ச நீதிமன்றமும் 2018-இல் அதை உறுதி செய்தது. டெல்லியின் காற்று அப்படி, அந்த ஊருக்கு அந்த மருந்து. ஆனால் அதைக் காட்டி இங்கே பிறந்த தேதியைப் பார்த்தே தீர்ப்பெழுதுகிறவர்கள், நம் ஊரில் புகையை அளக்கவே ஒரு முறை இருப்பதை மறந்துவிடுகிறார்கள். பழைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனை வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. ஆக்சிலரேட்டரைத் திருகிப் புகையின் அடர்த்தியை மெஷினில் அளக்கிறார்கள். தாண்டினால் தோல்வி, தாண்டாவிட்டால் தேர்ச்சி. மெஷின் வயதைக் கேட்பதில்லை. ஏழு வருஷம் ஆன மினி லாரி நாசில் பார்க்காமல் மலை ஏறும்போது விடுகிற கரும்புகையையும், பராமரித்த பழைய வண்டி விடுகிற புகையையும் நெடுஞ்சாலையில் பின்னால் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதில்தான் எதிர்வாதம் தன் காலிலேயே இடறுகிறது. புகையைக் குறைப்பது எது? சுத்தமான ஏர் கிளீனர், சரியான நாசில், சரியான டேப்பட், தேயாத ரிங். இவற்றைச் செய்யாதே, அது வீட்டு வேலை இல்லை என்று ஒரு வாயால் சொல்லிவிட்டு, புகை வருகிறது பார் என்று அதே வாயால் சொன்னால் எப்படி? பழுது பார்க்க விடாமல் தடுத்த பிறகு பழுதையே குற்றமாகக் காட்டுவது நியாயமா? அந்தக் கோழித்தீவன மாவை நான் கழற்றிப் பார்க்காமல் விட்டிருந்தால், பம்பு மாற்றக் காசில்லாமல் இன்னும் ஆறு மாதம் அதே கரும்புகையோடு ஓட்டியிருப்பேன். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

நான்காவது, சட்டம். இங்கே நான் சண்டை போட வேண்டியது என் பக்கத்து ஆட்களோடுதான். 'என் வண்டி, என் இஷ்டம்' என்று ஜெனரேட்டர் என்ஜினை வாங்கி வந்து பெட்ரோல் புல்லட்டில் வெல்டு வைத்து மாட்டி, படம் பிடித்துக் காட்டும் இளைஞர்களே, கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இதில் அநியாயம் என்ன? எதிரே வருபவனுக்கு உன் வெல்டிங்கின் தரம் தெரியாது. பெட்ரோல் என்ஜினுக்கென்று செய்த சட்டகம் டீசலின் உதறலைத் தாங்குமா, அந்த எடைக்கு முன் பிரேக் போதுமா என்று யார் சோதித்தது? விபத்தென்று வந்தால், புத்தகத்தில் இல்லாத என்ஜினைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனி சும்மா இருக்குமா?

ஆனால் இந்தச் சட்டத்தைப் பழுது பார்ப்பதன் மேல் கொண்டுபோய்ச் சுமத்துவது வேறு விஷயம். என் வண்டி டீசலாகவே பிறந்து டீசலாகவே பதிவானது. தேய்ந்த ரிங்கை அதே அளவு ரிங்கால் மாற்றினால் பதிவுச் சான்றில் எந்த எழுத்தும் மாறாது. பழுது பார்ப்பது வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டு வருவது. மாற்றியமைப்பது வண்டியை வேறொன்றாக்குவது. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதால் லாபம் புது வண்டி விற்பவருக்கு. நடுவில் சின்னச் சின்னத் திருத்தங்கள் இருக்கின்றன. டீசல் கேனில் வரும் தண்ணீரும் கசடும் பம்புக்குப் போகாமல் டேங்குக்குக் கீழே கூடுதலாக ஒரு கண்ணாடிக் கிண்ண ஃபில்டர் வைத்திருக்கிறேன். கழன்று விழும் இடங்களில் லாக் நட்டு போட்டிருக்கிறேன். மற்றபடி சட்டகத்தில் வெல்டிங் இல்லை, என்ஜின் மாற்றம் இல்லை. 2012, 2017, 2022 என்று ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டித்தான் மறுபதிவு வாங்கியிருக்கிறேன். ஒளிந்து ஓட்டுகிற வண்டி இல்லை இது.

மாற்றியமைப்பதற்கும் ஒரு நேர்வழி வேண்டும் என்பேன். அதற்கான முன்மாதிரியும் நம் மண்ணிலேயே இருக்கிறது. லாரிக்குப் பாடி கட்டுவது ஒரு காலத்தில் மேஸ்திரியின் கண்ணளவும் கையளவும்தான். அரசு அந்தப் பட்டறைகளை இழுத்து மூடவில்லை. பஸ்ஸுக்கு ஏஐஎஸ் 052, லாரிக்கு ஏஐஎஸ் 093 என்று விதித்தொகுப்பு எழுதி, இந்த அளவில், இந்த உறுதியில் கட்டு என்றது. கட்டுப்படியாகுமா என்ற முணுமுணுப்பு இருந்தாலும் தொழில் விதிக்குள் வந்தது. பட்டறைக்கு முடிந்தது, சொந்தக்காரனின் கைக்கு மட்டும் ஏன் முடியாது? மத்திய நுகர்வோர் துறை 2022-இல் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கொரு இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவிகளும் மோட்டார் வாகனங்களும் அதன் பட்டியலில் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-இல் விவசாயிகள் தம் டிராக்டரைத் தாமே பழுது பார்க்க மேனுவலும் கருவியும் மென்பொருளும் தர வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சட்டம் போட்டது. உலகம் அந்தப் பக்கம் நடக்கிறது. நாமோ கையில் இருந்த வித்தையைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, பிறகு அதை உரிமையாகக் கேட்டு மனு எழுதப் போகிறோம்.

கடைசி வாதம் காசு. இதில் பொய் சொல்ல மாட்டேன். டீசல் விலைக் கட்டுப்பாடு 2014-இல் நீங்கியது. இன்று பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்குப் பத்து ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. லிட்டருக்கு அறுபது ஓடும் நூறு சிசி பெட்ரோல் வண்டிக்கும் எழுபது ஓடும் என் வண்டிக்கும், மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் எரிபொருளில் மிச்சம் நானூறு ரூபாய்க்குள்தான். அந்த நானூறைக் கேஸ்கட்டும் கிளட்ச் பிளேட்டும் தின்றுவிடும். காசு மிச்சமாகும் என்று யாராவது இன்று உங்களிடம் டீசல் புல்லட் விற்க வந்தால் நம்பாதீர்கள். நானும் யாரையும் வாங்கச் சொல்லவில்லை.

ஆனால் கட்டுப்படி என்பதை ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறார்கள். பழுது பார்க்கும் செலவை எழுதுகிறவர்கள் ஸ்கூட்டரின் விலையை எழுதுவதில்லை. ஆறாயிரத்துக்கு எடைக்குப் போட்டுவிட்டு லட்சத்துக்கு வாங்கி மூன்று வருஷம் தவணை கட்டுவது கட்டுப்படி; வருஷத்துக்குச் சில ஆயிரத்தில் ஓடுகிற வண்டியை ஓட்டுவது வீண்செலவு. இது என்ன கணக்கு? ஞாயிற்றுக்கிழமை போகிறதே என்கிறார்கள். போகிறதுதான். அந்த ஞாயிறுகளில்தான் அண்ணன் மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து டேப்பட் வைக்கக் கற்றான். நான்கு வருஷம் மெக்கானிக்கல் படித்தவனுக்கு, கம்ப்ரஷன் என்றால் என்ன என்று கிக்கரில் காலை வைத்தபோதுதான் புரிந்தது. டி-கம்ப்ரஷன் லீவரை விடும் நேரம் தப்பி அது திருப்பி உதைத்ததில் இரண்டு நாள் நொண்டினான். அந்தப் பாடத்துக்குக் கல்லூரியில் கட்டணம் வாங்கியும் சொல்லித்தரவில்லை. இனி வரும் வண்டிகளெல்லாம் மின்சாரத்தில் ஓடும், இந்தப் பாடம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். மின்சார வண்டியிலும் பேரிங் தேயும், பிரேக் தேயும், ஒயர் அறுகும். கழற்றிப் பார்க்கும் துணிச்சல் இல்லாதவனுக்கு எந்த வண்டியும் மூடிய பெட்டிதான்.

1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. ஏதோ நம் செக்கில் ஆட்டிய எண்ணெயை உடனே டேங்கில் ஊற்றலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஊற்றினால் நாசில் அடைக்கும், ஊற்றாதீர்கள். அந்த என்ஜின் பிறந்தபோதே அது சோதித்துப் பார்க்கிறவர்களின் என்ஜினாக இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். அதை நம் கிணற்றடிகள் ஏற்றுக்கொண்டதும், பிறகு லாரியிலும் ரிக்கிலும் வைத்து ஊர் ஊராகப் பிழைக்கப் போனதும் அந்தப் பழக்கத்தால்தான்.

ஆகவே, அந்த லாரி டிரைவர் அண்ணனுக்கும் என் மைத்துனருக்கும் ஒரு பேரம் பேசுகிறேன். பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் முதலில் ஏர் கிளீனரைக் கழற்றிக் கழுவட்டும். டீசல் ஃபில்டரை மாற்றட்டும். டேப்பட் வைக்கட்டும். நாசிலைப் பம்பு கடையில் டெஸ்ட் செய்து மாட்டட்டும். எல்லாம் இரண்டு ஞாயிறு வேலை. பிறகு நேராகப் புகைச் சோதனை மெஷினுக்குக் கொண்டு போகட்டும். அறுபத்தைந்துக்குள் நின்றால் ஓட்டட்டும். நிற்காவிட்டால் ஹெட்டைக் கழற்றி லைனரைப் பார்க்கட்டும். இனி போரிங் அடிக்க லைனரில் கனம் இல்லை, அளவுக்குப் பிஸ்டனும் எங்கும் கிடைக்கவில்லை என்று லேத்துக்காரர் கைவிரித்தால், நானே வந்து எடைக்கு ஏற்றிவிடுகிறேன். என் வண்டிக்கும் இதே நிபந்தனைதான். 2027-இல் அடுத்த மறுபதிவு வருகிறது. அன்று அது தேறாவிட்டால் வாதாட மாட்டேன்.

இரும்பு விலை அன்றைக்கும் இருக்கும்.